இணையக் கலைக்களஞ்சியம்: பழைய வரலாற்றை எழுதுவது யார்? படிப்பதும் பங்கேற்பதும் எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் கொடுத்துவிட்டீர்கள். வீட்டில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருந்தால் முதல் வாரத்திலேயே ஒரு வேலை வந்துவிடும். "ரோமப் பேரரசு பற்றி நான்கு பக்கம் எழுதி வரச் சொன்னாங்க." உடனே கூகுளில் தேடுகிறோம். முதல் சில விடைகளுக்குள் விக்கிப்பீடியா வந்து நிற்கிறது. அதைக் காப்பி செய்து, வேர்டில் பேஸ்ட் செய்து, பிரிண்ட் எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கட்டுரையை எழுதியது யார்?

பதில் பலருக்கு வியப்பாக இருக்கும். உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான் எழுதுகிறார்கள். சம்பளம் இல்லை, கட்டுரையின் மேல் பெயரும் போடுவதில்லை. "அப்படியானால் அதை எப்படி நம்புவது?" என்பது நியாயமான அடுத்த கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. அதற்காக ஒதுக்கித் தள்ளவும் வேண்டாம். ஒரு கட்டுரை எப்படி உருவானது என்று பார்க்கும் வசதி அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது எப்படி என்பதுதான் இந்த மாதப் பாடம்.

விக்கி என்றால் என்ன?

"விக்கி" என்பது ஹவாய் மொழிச் சொல். விரைவு என்று பொருள். அமெரிக்க புரோகிராமர் வார்ட் கன்னிங்ஹாம் 1995-ல் ஓர் இணையதளம் அமைத்தார். அதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே திருத்தலாம். ஹோனலூலு விமான நிலையத்தில் ஓடும் "விக்கி விக்கி" பஸ்ஸின் நினைவில் இந்தப் பெயரை வைத்தார்.

2000-ம் ஆண்டில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் இருவரும் நியூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தை நடத்தினர். அதில் நிபுணர்கள் எழுத வேண்டும். பல கட்டங்களாக ஆய்வு நடந்த பிறகே கட்டுரை வெளிவரும். வேலை மிக மெதுவாக நகர்ந்தது. வேகப்படுத்துவதற்காகப் பக்கத்திலேயே ஒரு விக்கியைத் தொடங்கினார்கள். 2001 ஜனவரி 15-ல் பிறந்த அந்த விக்கிதான் விக்கிப்பீடியா. துணைக்கு வந்தது வளர்ந்தது, நியூபீடியா மூடப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கி, 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. இவற்றை இயக்கும் சர்வர்களை விக்கிமீடியா அறக்கட்டளை என்ற லாப நோக்கமற்ற அமைப்பு பராமரிக்கிறது. கட்டுரைகளை எழுதுவதும் திருத்துவதும் தன்னார்வலர்கள்.

ஒரு சுத்தியலும் ஒரு புதையலும்

பழைய வரலாறு பற்றிய ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு, தன்னார்வலர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள "ஹாக்ஸன் புதையல்" கட்டுரை இதற்குப் பொருத்தமானது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்று ஒரு கிராமம். 1992-ல் அங்கே ஒரு விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அவருடைய நண்பர் எரிக் லாஸ், நவம்பர் 16 அன்று மெட்டல் டிடெக்டருடன் தேடப் போனார். கருவி ஒலி எழுப்பிய இடத்தைத் தோண்டினால் வெள்ளிக் கரண்டிகள், நகைகள், நாணயங்கள்! லாஸ் அப்போது செய்த காரியம் பாராட்டுக்குரியது. மேற்கொண்டு தோண்டாமல் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி அகழ்ந்தார்கள். அதனால் எந்தப் பொருள் எதன் அருகில், எந்த நிலையில் இருந்தது என்ற விவரமும் கிடைத்தது.

கிடைத்தவை கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனில் ரோமர் ஆட்சி முடிவுக்கு வந்த காலத்தில் புதைக்கப்பட்டவை. பொன், வெள்ளி, வெண்கல நாணயங்களுடன் சுமார் 200 நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் இருந்தன. மதிப்பு 17.5 லட்சம் பவுண்டு எனக் கணக்கிட்டு லாஸுக்குப் பரிசு கொடுத்தார்கள். அவர் அதை அந்த விவசாயியுடன் பகிர்ந்துகொண்டார். புதையல் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொலைந்த சுத்தியலும் கிடைத்தது; அதுவும் அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது.

இந்தப் புதையலில் நமக்கு நெருக்கமான பொருள் ஒன்று உண்டு. வெள்ளியில் செய்த நான்கு மிளகு டப்பாக்கள். அவற்றில் ஒன்று பெண் உருவம் கொண்டது. அதன் அடியில் உள்ள தட்டைத் திருப்பினால் மூன்று நிலைகள்: ஒன்றில் மூடியிருக்கும், ஒன்றில் மிளகு நிரப்பலாம், இன்னொன்றில் தூவலாம். ரோமர்களுக்கு மிளகு இந்தியாவிலிருந்து, குறிப்பாக மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலில் போனது. சங்க இலக்கியம் பேசும் முசிறி அந்த வணிகத்தில் புகழ்பெற்ற துறைமுகம்.

நிபுணரும் தன்னார்வலரும் ஒரே மேஜையில்

2010-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஒரு புதிய முயற்சி செய்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த விக்கிப்பீடியா தன்னார்வலர் லியாம் வயட், ஐந்து வாரங்கள் அருங்காட்சியகத்துக்குள்ளேயே இருந்து வேலை செய்தார். ஓர் அருங்காட்சியகத்தில் இப்படி அமர்ந்த முதல் விக்கிப்பீடியர் அவர்தான். அருங்காட்சியகம் இதற்கு முன்வந்ததற்குக் காரணம் இருந்தது. ரொசெட்டா கல் அவர்களிடம் உள்ள மிகப் புகழ்பெற்ற பொருள். அதைப் பற்றி அவர்களுடைய சொந்த இணையதளத்தில் படித்தவர்களைவிட ஐந்து மடங்கு பேர் விக்கிப்பீடியாவில் படித்துக்கொண்டிருந்தார்கள். மக்கள் அங்கேதான் படிக்கிறார்கள் என்றால், அங்கே இருப்பது சரியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

அப்போது தன்னார்வலர்களும் அருங்காட்சியக நிபுணர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஹாக்ஸன் கட்டுரையை வளர்த்தார்கள். நிபுணருக்குப் பொருளைத் தெரியும். எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். தன்னார்வலருக்குப் பொதுவாசகனுக்குப் புரியும்படி எழுதத் தெரியும். விக்கியின் விதிகள் தெரியும். இரண்டும் சேர்ந்தபோது கட்டுரை நன்றாக வந்தது. பின்னர் மற்ற தன்னார்வலர்கள் வரி வரியாக ஆய்வு செய்து அதற்கு "சிறப்புக் கட்டுரை" தகுதி கொடுத்தார்கள். விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் உயர்ந்த தரம் இது.

பொதுவாக ஒரு கட்டுரையில் வேலை இப்படித்தான் பிரியும். ஒருவர் நாணயங்கள் பற்றிய பகுதியை எழுதுவார். ஒருவர் போட்டோ சேர்ப்பார். இன்னொருவர் வரைபடம் தயாரிப்பார். மற்றொருவர் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக்கொண்டே போவார். ஒரு பெரிய சாஃப்ட்வேரைப் பலர் சேர்ந்து எழுதும்போது நாங்களும் இப்படித்தான் செய்வோம். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்ற பதிவு இருக்கும். தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். விக்கியிலும் அதே ஏற்பாடு இருப்பதால்தான் முன்பின் தெரியாத பல பேர் ஒரே பக்கத்தில் வேலை செய்ய முடிகிறது.

மூன்று விதிகள்

விக்கிப்பீடியாவில் உள்ளடக்கம் பற்றிய அடிப்படை விதிகள் மூன்று. பழைய வரலாறு எழுதும்போது மூன்றுமே சோதனைக்கு வரும்.

1. நடுநிலை: அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தால், ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதக்கூடாது. முக்கியமான கருத்துகள் எல்லாவற்றையும் உரிய அளவில் சொல்ல வேண்டும். உதாரணமாக, ஹாக்ஸன் புதையலை ஏன் புதைத்தார்கள்? ரோமர் ஆட்சி சரிந்த குழப்பத்தில், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மறைத்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். இந்த நாணயங்களை ஆராய்ந்து 2005-ல் புத்தகம் வெளியிட்ட பீட்டர் கெஸ்ட் வேறு விதமாகச் சொல்கிறார். ரோமச் சமூகத்தில் இவை அன்பளிப்பாகக் கைமாறும் பொருள்கள். ரோமர் போன பிறகு அந்த வழக்கமே பொருளற்றுப் போனதால் இவையும் பயனற்றுப் போயின என்பது அவர் கருத்து. கட்டுரை எழுதுபவர் இரண்டையும் சொல்லி, எது யாருடைய கருத்து என்றும் காட்ட வேண்டும்.

2. சரிபார்க்கும் வசதி: எழுதும் செய்தி ஏற்கெனவே நம்பகமான புத்தகத்திலோ ஆய்விதழிலோ வெளிவந்திருக்க வேண்டும். அதைக் குறிப்பிட வேண்டும். படிப்பவர் விரும்பினால் போய்ச் சரிபார்க்க முடிய வேண்டும்.

3. சொந்த ஆய்வு கூடாது: நீங்களே கண்டுபிடித்த ஒன்றை முதன்முதலாக விக்கிப்பீடியாவில் எழுதக்கூடாது.

மூன்றாவது விதி நமக்குக் கொஞ்சம் கசக்கும். அந்த மிளகு டப்பாவையே எடுத்துக்கொள்வோம். ரோமர்களுக்கு மிளகு இந்தியாவிலிருந்து போனது என்பதை வரலாற்று நூல்கள் சொல்கின்றன, அதை எழுதலாம். முசிறியில் மிளகு வணிகம் நடந்தது என்பதையும் நூல்கள் சொல்கின்றன; அதையும் எழுதலாம். இரண்டையும் நாமே முடிச்சுப் போட்டு, "ஹாக்ஸன் டப்பாவில் இருந்தது முசிறி மிளகு" என்று எழுதலாமா? கூடாது. ஓர் ஆய்வாளர் சான்றுடன் அப்படி வெளியிட்டிருந்தால் மட்டுமே எழுதலாம். நமக்குப் பெருமையாக இருக்கிறது என்பது சான்று ஆகாது. இன்னொரு நாட்டுக்காரர் அவர் ஊர்ப் பெருமையை இதேபோல எழுதினால் நாம் ஒத்துக்கொள்வோமா என்று யோசித்தால் இந்த விதியின் நியாயம் புரியும்.

சான்று இல்லாமல் எழுதினால் என்ன ஆகும்?

சான்று இருப்பது போலப் பாவனை செய்தாலும் ஆபத்துதான். 2007 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் "பிச்சோலிம் போர்" என்று ஒரு கட்டுரை வந்தது. 1640-41-ல் கோவாவில் போர்ச்சுகீசியருக்கும் மராட்டியருக்கும் இடையே போர் நடந்ததாக அதில் எழுதியிருந்தது. கட்டுரை நீளமாக, அழகாக, அடிக்குறிப்புகளுடன் இருந்தது. சில மாதங்களிலேயே "நல்ல கட்டுரை" என்ற தகுதியும் பெற்றுவிட்டது. ஐந்து ஆண்டுகள் அப்படியே இருந்தது.

2012 இறுதியில் ஒரு தன்னார்வலர் அதன் மேற்கோள் பட்டியலில் இருந்த புத்தகங்களைத் தேடிப் பார்த்தார். அப்படிப்பட்ட புத்தகங்களே இல்லை. அந்தப் போரும் நடக்கவே இல்லை. அந்த டிசம்பரில் கட்டுரை நீக்கப்பட்டது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. அடிக்குறிப்பு எண் இருப்பதால் மட்டும் செய்தி உண்மையாகிவிடாது. அந்தப் பொய் பிடிபட்டதும் அடிக்குறிப்பால்தான். புத்தகத்தின் பெயரை எழுதியிருந்ததால்தான் ஒருவர் தேடிப் பார்க்க முடிந்தது. தேடிப் பார்க்க ஒருவர் முன்வர ஐந்து ஆண்டுகள் ஆனது என்பதே குறை.

இன்று ஏ.ஐ. சாட்பாட்களிடம் கேள்வி கேட்டே பல மாணவர்கள் பாடம் எழுதுகிறார்கள். அவையும் சில சமயம் இல்லாத புத்தகத்தை இருப்பதாகச் சொல்வதுண்டு. பதிலில் ஒரு புத்தகத்தின் பெயர் வந்தால், அதை நூலகத்திலோ கூகுள் புக்ஸிலோ தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கேயும் உதவும்.

ஒரு கட்டுரையைச் சோதிப்பது எப்படி?

ஹாக்ஸன் கட்டுரையிலேயே செய்து பார்க்கலாம். பிரவுசரைத் திறந்து, ஆங்கிலத்தில் எச், ஓ, எக்ஸ், என், இ என்ற எழுத்துகளை டைப் செய்து, பக்கத்தில் விக்கிப்பீடியா என்றும் சேர்த்துத் தேடுங்கள். கட்டுரை கிடைத்ததும் கீழ்க்கண்டவாறு செய்திடவும்.

1. மேற்கோள்களைப் பாருங்கள்: வாக்கியங்களின் முடிவில் சிறிய எண்கள் இருக்கும். மவுஸ் கர்சரை எண்ணின் மீது கொண்டு சென்றால் நூலின் பெயரும் பக்க எண்ணும் தெரியும். முழுப் பட்டியல் பக்கத்தின் கடைசியில் இருக்கும். தமிழ்க் கட்டுரைகளில் "மேற்கோள்கள்" என்ற தலைப்பில் பாருங்கள். ஒரு வரியின் அருகே "சான்று தேவை" என்ற குறிப்பு இருந்தால், அந்த வரியை உங்கள் பாடத்தில் எடுத்து எழுதாதீர்கள்.

2. எண்களைக் கூட்டிப் பாருங்கள்: இந்தக் கட்டுரை 14,865 நாணயங்கள் என்கிறது. பொன் 569, வெள்ளி 14,272, வெண்கலம் 24. ஸ்டார்ட் மெனுவில் கால்குலேட்டரைத் திறந்து கூட்டிப் பாருங்கள்; சரியாக வரும். வேறு இடங்களில் 15,000-க்கு மேல் என்றும் படிக்கலாம். எண்கள் மாறினால் பதற வேண்டாம். எந்த எண் எந்த நூலிலிருந்து வந்தது என்று அடிக்குறிப்பில் பார்த்து, நூலின் பெயரோடு சேர்த்து எழுதுங்கள்.

3. வரலாறு டேபைக் கிளிக் செய்யுங்கள்: பக்கத்தின் மேல்பகுதியில் "வியூ ஹிஸ்டரி" என்று இருக்கும். தமிழிலும் இதே பொருளில் ஒரு டேப் இருக்கும். கிளிக் செய்தால் இதுவரை நடந்த ஒவ்வொரு திருத்தமும் தேதி, நேரத்துடன் வரிசையாகக் கிடைக்கும். எத்தனை பைட்கள் கூடின, குறைந்தன என்பதும் தெரியும். இரண்டு வரிகளின் அருகே உள்ள சிறு வட்டங்களைத் தேர்வு செய்து ஒப்பிடும் பட்டனை அழுத்தினால், பழையதும் புதியதும் பக்கம் பக்கமாக வரும். மாறிய சொற்கள் நிறம் மாற்றிக் காட்டப்படும். நேற்று இரவு யாரோ ஒருவர் ஒரு பெரிய பத்தியைச் சேர்த்திருந்தால், அதை இன்னும் பலர் பார்த்திருக்க மாட்டார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

4. உரையாடல் பக்கத்தைப் படியுங்கள்: ஆங்கிலத்தில் "டாக்", தமிழில் "உரையாடல்". கட்டுரை பற்றிய வாக்குவாதங்கள் இங்கே நடக்கும். பெண் உருவ மிளகு டப்பாவைப் "பேரரசி" என்று அழைப்பது வழக்கம். அது குறிப்பிட்ட ஓர் அரசியின் உருவம் அல்ல, உயர்குடிப் பெண் ஒருத்தியின் உருவம் என்றே இப்போது அறிஞர்கள் கருதுகிறார்கள். இப்படிப் பெயர் ஒன்றும் பொருள் வேறாகவும் இருக்கும்போது, கட்டுரையில் எப்படி எழுதுவது என்று விவாதிக்க உரையாடல் பக்கம்தான் இடம். எந்த விஷயத்தில் கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதைக் கட்டுரையைவிட இங்கே சீக்கிரம் தெரிந்துகொள்ளலாம்.

5. இன்னொரு மொழியில் பாருங்கள்: கட்டுரைத் தலைப்பின் அருகே மொழிகளின் பட்டியல் இருக்கும். தமிழும் ஆங்கிலமும் தெரிந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு மொழியில் இருப்பதன் அப்படியே மொழிபெயர்ப்பு அல்ல மற்றது. தனித்தனித் தன்னார்வலர்கள் எழுதுவதால் ஒன்றில் இல்லாதது மற்றதில் கிடைக்கும்.

போனில் பார்ப்பவர்களுக்கு சில டேப்கள் எளிதில் தெரியாது. பக்கத்தின் அடியில் உள்ள டெஸ்க்டாப் வியூ லிங்க்கைத் தட்டினால் எல்லாம் கிடைக்கும்.

உங்கள் முதல் திருத்தம்

படித்தால் மட்டும் போதுமா? நீங்களும் ஒரு கை கொடுக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஆள் எப்போதும் தேவை.

1. கணக்கு தொடங்குங்கள்: தமிழ் விக்கிப்பீடியாவின் மேல் மூலையில் கணக்கு உருவாக்கும் லிங்க் இருக்கும். யூசர் நேம், பாஸ்வேர்டு போதும். சொந்தப் பெயரைத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. இமெயில் முகவரி கட்டாயம் இல்லை. ஆனால் கொடுத்து வைத்தால் பாஸ்வேர்டு மறந்தபோது உதவும்.

2. தமிழ் டைப்பிங்: விண்டோஸிலேயே தமிழ் கீபோர்டு இருக்கிறது; செட்டிங்ஸில் மொழிகள் பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்99 பழகினால் வேகமாக அடிக்கலாம். எதுவானாலும் யூனிகோடு எழுத்தாக இருக்க வேண்டும். டி.டி.பி. வேலைக்குப் பயன்படுத்தும் பழைய எழுத்துருக்களில் அடித்ததை இங்கே ஒட்டினால் புரியாத குறிகளாக வரும்.

3. மணல்தொட்டியில் பழகுங்கள்: சோதித்துப் பார்ப்பதற்கென்றே உள்ள பக்கம் இது. இங்கே எதை எழுதி அழித்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

4. சிறிதாகத் தொடங்குங்கள்: உங்களுக்குத் தெரிந்த ஒரு கட்டுரையில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டால் "தொகு" என்பதைக் கிளிக் செய்து திருத்துங்கள். சேமிக்கும் முன் முன்தோற்றம் பாருங்கள். "சுருக்கம்" என்ற கட்டத்தில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "எழுத்துப் பிழை திருத்தம்" என்றால் போதும். அடுத்து வருபவருக்கு அது பெரிய உதவி.

5. பிறகு சான்று சேருங்கள்: ஒரு தமிழ்க் கட்டுரையில் "சான்று தேவை" என்ற குறிப்பைப் பார்க்கிறீர்கள். உங்கள் ஊர் நூலகத்தில் அதைச் சொல்லும் நூல் இருக்கிறது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். புதிதாக ஒரு பத்தி எழுதுவதைவிட இது பயனுள்ள வேலை. இணையத்தில் ஏறாத எத்தனையோ நல்ல தமிழ் நூல்கள் நூலக அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பக்க எண் சொல்ல, நூலகத்துக்குப் போகும் ஓர் ஆள் வேண்டும்.

6. போட்டோ கொடுங்கள்: உங்கள் ஊர்ப் பக்கம் நடுகல், பழைய கல்வெட்டு, சமணர் படுக்கை உண்டா? அனுமதி உள்ள இடத்தில் நீங்களே போட்டோ எடுத்து விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஏற்றலாம். எல்லா மொழிக் கட்டுரைகளிலும் அதைப் பயன்படுத்த முடியும். கூகுளில் கிடைத்த வேறொருவர் படத்தை ஏற்றக்கூடாது.

கவனிக்க வேண்டியவை

* புத்தகத்திலிருந்து வரிக்கு வரி காப்பி செய்யாதீர்கள். அது காப்புரிமை மீறல். படித்துப் புரிந்துகொண்டு சொந்த நடையில் எழுதி, நூலின் பெயரைக் குறிப்பிடுங்கள்.

* உங்கள் திருத்தத்தை இன்னொருவர் நீக்கிவிட்டால் கோபப்பட்டு மீண்டும் மீண்டும் சேர்க்காதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மற்றவர் திருத்தத்தைத் திருப்பினால் கணக்கை முடக்கவே விதி உண்டு. உரையாடல் பக்கத்துக்குப் போய் "இந்த நூலில், இந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது" என்று எழுதுங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

* சில கட்டுரைகளில் பூட்டுப் படம் இருக்கும். அடிக்கடி சண்டையோ கிறுக்கலோ நடந்த பக்கங்கள் அவை. புதியவர்கள் நேரடியாகத் திருத்த முடியாது. உரையாடல் பக்கத்தில் கோரிக்கை வைக்கலாம்.

* சந்தேகம் வந்தால் தமிழ் விக்கிப்பீடியாவில் "ஆலமரத்தடி" என்ற பக்கம் இருக்கிறது. கேள்வி கேளுங்கள். அனுபவம் உள்ள பயனர்கள் பதில் சொல்வார்கள்.

* பள்ளிப் பாடத்துக்கு விக்கிப்பீடியாவை மட்டும் ஆதாரமாகக் காட்ட வேண்டாம். அங்கிருந்து தொடங்கி, அடிக்குறிப்பில் உள்ள நூலுக்குப் போய், அந்த நூலை ஆதாரமாகக் காட்டப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆசிரியரிடம் மதிப்பெண்ணும் கூடும்.

இந்த மாதப் பயிற்சி

உங்கள் மாவட்டத்தில் உள்ள ஒரு பழமையான இடத்தின் பெயரைத் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடுங்கள். கட்டுரை இருந்தால் அதில் எத்தனை மேற்கோள்கள் உள்ளன என்று எண்ணுங்கள். கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று வரலாறு டேபில் பாருங்கள். சான்று இல்லாத ஒரு வரியை மட்டும் குறித்துக்கொண்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். அந்த வரிக்கான நூலும் பக்க எண்ணும் கிடைத்தால் சேர்த்துவிடுங்கள். தேடியதில் அந்த வரியே தவறு என்று தெரிந்தால், நூலைக் குறிப்பிட்டுத் திருத்திவிடுங்கள்.

அடுத்த முறை ஒரு மாணவர் அந்த இடத்தைப் பற்றித் தேடும்போது, நீங்கள் சரிபார்த்த வரி அவருக்குக் கிடைக்கும்.